கியர் பாக்ஸ் ஒயில் எங்கருந்து ஒழுகுது: பவுடர் தூவி பார்க்கிறதா, யூவி டை ஊத்தி பார்க்கிறதா?

எங்க கார் டொயோட்டா கொரோலா ஏஈ 100, 5ஏ எஞ்சின், ஒட்டோ கியர். மாமா வீட்டுக்கு பின்னால படங்கு போட்டு மூடி வருஷக்கணக்குல நின்ன வண்டி, நானும் அண்ணனும் அதை எடுத்து லீவு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா செஞ்சிட்டு வர்றோம். இப்படி ஓடாம நின்ன வண்டில முதல்ல சாகுறது ரப்பர் தான், சீல், ஓ ரிங், ஹோஸ் எல்லாம் காஞ்சு இறுகி போயிரும், பார்க்க நல்லா இருக்கும், சூடு ஏறினதும் ஒழுக ஆரம்பிக்கும்.

நம்ம வண்டி அப்படித்தான் ஒழுகுச்சு. இலங்கை மலையகத்துல, கொட்டகலையில இருந்து பக்கத்து ஹட்டன் போயிட்டு வந்தா ஒண்ணும் இல்ல. கினிகத்தேனை வரைக்கும் இறங்கி திரும்ப ஏறி வந்தா மட்டும் காலையில வண்டிக்கு கீழ சிவப்பா ஒரு வட்டம். பேன் (பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டு) கேஸ்கட் ரெண்டு தடவை மாத்தியாச்சு, வட்டம் போகல. டவுன்ல ஒரு கராஜ்ல கொண்டு போய் காட்டினப்ப பாஸ் கீழ குனிஞ்சு ஒரு பார்வை பார்த்துட்டு "ஃப்ரண்ட் சீல் தம்பி, கியர் பாக்ஸ் இறக்கணும்"னு சொல்லிட்டாரு. அது பாக்ஸும் எஞ்சினும் சேருற பக்கம் உள்ள இருக்கிற சீல். கியர் பாக்ஸ் இறக்குறது ஒரு நாள் வேலை இல்ல, காசும் சும்மா இல்ல, அதனால கையை வைக்கிறதுக்கு முன்னாடி எங்கருந்து ஒழுகுதுன்னு நாமளே கண்ணால பார்த்துருவோம்னு அண்ணன் சொன்னான். அப்படி நாங்க செஞ்சு பார்த்த வழிகளை தான் ஒண்ணோட ஒண்ணு வச்சு இங்க எழுதுறேன்.

முதல்ல மலைநாட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம். எங்க வீட்டு வாசல்ல சம தரையே கிடையாது, வண்டி எப்பவும் மூக்கு மேல தூக்கின மாதிரி தான் நிக்கும். அப்படி நிக்கிறப்ப ஒயில் பின்பக்கமா போயிரும், டிப்ஸ்டிக்ல (ஒயில் அளவு பார்க்கிற கம்பி) குறைவா காட்டும், நாங்க குறைஞ்சிருச்சுன்னு நினைச்சு ஊத்தி ஊத்தி அளவுக்கு மேல ஆக்கிட்டோம். அளவுக்கு மேல ஒயில் இருந்தா உள்ள சுத்துற பாகங்கள் அதை அடிச்சு நுரையாக்கும், அந்த நுரை மேல இருக்கிற பிரீதர்ங்கிற காத்து ஓட்டை வழியா வெளிய வந்து பாக்ஸ் முழுக்க வடியும், பார்க்கிறவனுக்கு அது லீக் மாதிரியே தெரியும். அதனால எந்த வழியில தேடினாலும் சரி, அதுக்கு முன்னாடி சம தரையில வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் ஓடி நல்லா சூடானதுக்கு அப்புறம், எஞ்சின் ஓடிட்டு இருக்க, பிரேக்கை மிதிச்சிட்டு கியரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை போட்டு திரும்ப பி-ல வச்சு, டிப்ஸ்டிக்ல ஹொட் கோடு ரெண்டுக்கும் நடுவுல நிக்குதான்னு பாருங்க. எங்களுக்கு சம தரை கிடைச்சது தோட்டத்து கொழுந்து மடுவத்துல (தேயிலை கொழுந்து நிறுக்கிற கொட்டகை), சிமெண்ட் தரை, அந்தி கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் கேட்டு வாங்கிக்கிட்டோம்.

சரி, அட்டை போட்டு பார்க்கிறது. வெள்ளை அட்டை ஒண்ணை கீழ விரிச்சு டயர் எங்க நிக்குதுன்னு பேனாவால கோடு போட்டு ராத்திரி விடுறது. செலவே இல்ல, எவ்வளவு ஒழுகுதுன்னு தெரியும், என்ன ஒழுகுதுன்னும் ஓரளவு தெரியும். எங்கருந்துன்னு மட்டும் தெரியாது. ஏன்னா பாக்ஸ்ல எங்க ஒழுகினாலும் ஒயில் வடிஞ்சு பேன் விளிம்புக்கு வந்து, சரிவுல எது தாழ்ந்த மூலையோ அங்க போய் தான் சொட்டும். நாங்க ரெண்டு தடவை கேஸ்கட் மாத்தினது இந்த மூலையை நம்பித்தான். வண்டியை திருப்பி மூக்கு கீழ பார்க்க நிறுத்தின அன்னைக்கு சொட்டு இன்னொரு மூலையில விழுந்துச்சு, அப்பவே எங்களுக்கு புரிஞ்சிருக்கணும்.

இதுல நிறத்தையும் கவனிக்கணும், எங்க வண்டி காலத்து டொயோட்டால சிவப்பா மூணு இருக்கு. கியர் பாக்ஸ்ல டெக்ஸ்ரான்ங்கிற ஒட்டோ கியர் ஒயில், பவர் ஸ்டீயரிங்லயும் அதே டெக்ஸ்ரான், ரேடியேட்டர்ல டொயோட்டா கூலன்ட் ஊத்தியிருந்தா அதுவும் சிவப்பு. கூலன்ட்டை பிரிக்கிறது லேசு, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சு பார்த்தா தண்ணி மாதிரி இருக்கும். ஆனா கியர் பாக்ஸ் ஒயிலையும் பவர் ஸ்டீயரிங் ஒயிலையும் அட்டையில வச்சு பிரிக்கவே முடியாது, ரெண்டும் ஒரே சாமான். பவர் ஸ்டீயரிங் ரேக்கும் அதோட ஹோஸும் பாக்ஸுக்கு பின்னாடி தான் இருக்கு, அது ஒழுகினாலும் பாக்ஸ் தான் நனையும்.

அடுத்தது பவுடர். டிகிரீசர் அடிச்சு, பிரஷ் போட்டு தேச்சு, கழுவி, நல்லா காய வச்சு, அதுக்கு மேல பேபி பவுடரை மெல்லிசா தூவணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சிட்டு டி-யும் ஆர்-உம் மாத்தி மாத்தி போட்டு பார்க்கணும். ஒயில் வந்தா வெள்ளைல கோடு விழும், கோட்டை மேல நோக்கி பிடிச்சிட்டு போனா ஒழுகுற இடம். எனக்கு இந்த வழி ரொம்ப பிடிச்சது, ஏன்னா பொய் சொல்லாது, பழைய அழுக்கை கழுவிட்டு தான் ஆரம்பிக்கிறோம், அதனால பவுடர்ல விழுற கோடு இன்னைக்கு விழுந்த கோடு தான். மடுவத்துல வச்சு செஞ்சப்ப இருபது நிமிஷத்துலயே ரேடியேட்டருக்கு போற கூலர் ஹோஸ் கிளிப் கிட்ட பவுடர் ரோஸ் நிறமா மாறிடுச்சு. ஹோஸ் கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு, கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கல, ஒயிலுக்குன்னே இருக்கிற ஹோஸா வாங்கி ரெண்டையும் மாத்தினோம். (தண்ணி போற ஹோஸை போட்டுறாதீங்க, இந்த ஒயில் அதை ஊற வச்சு மாவாக்கிரும்.) ஒழுகல் பாதியா குறைஞ்சிருச்சு. பாதி தான்.

மிச்ச பாதி மடுவத்துல நின்னு ஓடுறப்ப வரவே இல்ல. முக்கால் மணி நேரம் ஓட விட்டோம், பவுடர் வெள்ளையாவே இருந்துச்சு. சரி பவுடரோடயே ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்னு கினிகத்தேனைக்கு இறங்கினோம், அங்க தான் பவுடர் தோத்துச்சு. வட்டவளைல மழை பிடிச்சிக்கிச்சு, நம்ம பக்கம் மழைக்கு பேர் போன இடம், ரோட்டு தண்ணி டயர்ல அடிச்சு பவுடரை கழுவி, மிச்சத்தை களியாக்கி விட்டுருச்சு. மழை இல்லாத நாள்லயும் பனி மூட்டத்துல பவுடர் ஈரம் இழுத்து கட்டி பிடிக்குது, எது ஒயில் ஈரம் எது பனி ஈரம்னு பிரிக்க முடியல. கொழும்புல, நீர்கொழும்புல இருக்கிறவங்களுக்கு இந்த பிரச்சினை கம்மி. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் நம்ம மேற்கு சரிவுல இருக்கிறவங்க பவுடரை கூரைக்கு கீழ நின்னு பார்க்கிறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

அப்ப தான் யூவி டை வாங்கினோம். ஒயில்ல கலக்குற டை தான் வேணும்னு கேட்டு வாங்குங்க, ஏசிக்கு போடுற டை வேற. டிப்ஸ்டிக் குழாய்ல சின்ன புனல் வச்சு போத்தல்ல சொன்ன அளவு, பெரும்பாலும் ஒரு 30 மில்லி, ஊத்தி ஓட்டிட்டு வந்து இருட்டுல யூவி டோர்ச் அடிச்சு பார்த்தா டை கலந்த ஒயில் பச்சை மஞ்சளா மின்னும். மழை கழுவினாலும் ஒழுகின இடத்தோட இடுக்குல டை நிக்கும், மூணு நாலு நாள் ஓடின பிறகு கூட பார்க்கலாம். நம்ம மாதிரி ஏத்தத்துல மட்டும் ஒழுகுற வண்டிக்கு இதை விட்டா வழி இல்ல. அதோட நான் மேல சொன்ன சிவப்பு குழப்பமும் இதுல தீர்ந்துரும், டையை கியர் பாக்ஸ்ல மட்டும் தானே ஊத்துறோம், மின்னினா கியர் பாக்ஸ், சிவப்பா இருந்தும் மின்னலைன்னா பவர் ஸ்டீயரிங் பக்கம் போய் தேடணும். இந்த ஒரு விஷயத்துக்காகவே பவுடரை விட டையை நான் ஒரு படி மேல வைப்பேன்.

ஆனா டைக்கும் குறை இருக்கு, அதை விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. கழுவாம ஊத்தினா வேலைக்கு ஆகாது, ஊத்துறப்ப புனல்ல சிந்தின சொட்டு கூட மின்னும், அதை லீக்னு நினைச்சு டிப்ஸ்டிக் குழாயோட ஓ ரிங்கை மாத்துறதுக்கு நாங்க கிளம்பிட்டோம். ஒரு லீக்கை சரி செஞ்ச பிறகு திரும்ப முழுக்க கழுவலைன்னா பழைய மினுக்கும் புது மினுக்கும் ஒண்ணா தெரியும். டோர்ச்சும் முக்கியம், கடைல கள்ள நோட்டு பார்க்கிற சின்ன லைட்ல ஊதா வெளிச்சமே கண்ணை நிறைச்சிரும், அதோட ஒளி அலை நீளம் 395 நானோமீட்டர் பக்கம், 365ன்னு போட்ட டோர்ச்ல டை மட்டும் தனியா எடுத்து காட்டும். மஞ்சள் கண்ணாடி போட்டா இன்னும் நல்லா தெரியும்.

நாலாவது நாள் ராத்திரி, கினிகத்தேனை ஏத்தம் ஏறி வந்த கையோட, மடுவத்துல விட்டு கீழ படுத்து பார்த்தோம். பேன் சுத்தி மினுக்கு, அது வடிஞ்சது. டிரைவ் ஷாஃப்ட் சீல் பக்கம் கொஞ்சம். பெல் ஹவுசிங் (பாக்ஸ் எஞ்சினோட சேருற கூடு) கீழ் ஓட்டைல ஒண்ணுமே இல்ல, ஃப்ரண்ட் சீல் போயிருந்தா அங்க தான் முதல்ல வந்திருக்கணும். அண்ணன் சின்ன கண்ணாடியை பிடிச்சிக்கிட்டு மேல மேல டோர்ச்சை கொண்டு போனான், பாக்ஸோட பின்பக்கம், ஃபயர்வோல் பக்கமா, ஸ்பீடோ கியர் ஹவுசிங் (ஸ்பீடோமீட்டரை ஓட்டுற சின்ன கியரோட கூடு) உள்ள போற இடத்துல சுத்தி ஒரு பச்சை வளையம். "டேய் இங்க வந்து பாருடா"ன்னு அவன் கத்துன கத்துல வாச்சர் அண்ணன் வெளிய வந்துட்டாரு.

ஏத்தத்துல மட்டும் ஏன் ஒழுகுச்சுன்னு அப்ப தான் விளங்குச்சு. வண்டி மூக்கை தூக்கி ரொம்ப நேரம் ஏறுறப்ப ஒயில் பின்னாடி, ரெண்டு டயருக்கும் இழுவையை பிரிச்சு குடுக்கிற டிஃப்ரென்ஷியல் பக்கம் சேருது, ஸ்பீடோ கியர் அதுக்கு மேல தான், சூட்டுல ஒயில் தண்ணியா ஓடுது, ஓ ரிங் தட்டையா இறுகி கிடக்குது. சம தரையில நிறுத்தி முக்கால் மணி என்ன மூணு மணி நேரம் ஓட விட்டாலும் பவுடர்ல அது வந்திருக்காது. ஒரு போல்ட் கழட்டி, ஹவுசிங்கை மெதுவா திருகி வெளிய எடுத்து, பழைய ஓ ரிங்கை கையில கொண்டு போய் அதே அளவுல ஒயில் தாங்குற ரப்பர்ல ஒண்ணு வாங்கி போட்டோம். அரை மணி நேர வேலை.

காத்து அடிச்சு சோப்பு நுரை வச்சு பார்க்கிற வழியை பத்தி கேப்பீங்க. பிரீதரை அடைச்சு டிப்ஸ்டிக் குழாய் வழியா லேசா காத்து குடுத்து நுரை எங்க வருதுன்னு பார்க்கிறது. ரெண்டு மூணு பிஎஸ்ஐக்கு மேல போகவே கூடாது, ரெகுலேட்டர் இல்லாம பெட்ரோல் செட்ல டயருக்கு அடிக்கிற காத்தை குடுத்தா நல்லா இருக்கிற சீலையும் வெளிய தள்ளிரும். நாங்க செய்யல, நல்ல ரெகுலேட்டர் கையில இல்லாதவங்க செய்யவும் வேணாம். சீலை ஊற வைக்கிற ஸ்டாப் லீக் போத்தலும் வேணாம்னு தான் சொல்லுவேன், இறுகின ரப்பரை கொஞ்ச நாள் மெத்துன்னு ஆக்கும், கிளிப் லூசுக்கும் கிழிஞ்ச கேஸ்கட்டுக்கும் அது ஒண்ணும் செய்யாது, ஒழுகலை மறைச்சு வச்சா அப்புறம் தேடுறது இன்னும் கஷ்டம்.

அப்ப எதை எடுக்கிறது? வண்டி நின்ன இடத்துல ஓடுறப்பவே ஒழுகுதுன்னா பவுடர், அன்னைக்கே முடிஞ்சிரும். ஓடினா தான் ஒழுகுது, அதுலயும் ஏறினா தான் ஒழுகுதுன்னா நேரா டைக்கு போங்க, பவுடர்ல நாள் கடத்தாதீங்க. ரெண்டுக்கும் முன்னாடி கழுவல். நாங்க கழுவுறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க குடுத்தோம், முதல் கேஸ்கட் மாத்துறதுக்கு முன்னாடியே அதை குடுத்திருந்தா ரெண்டு கேஸ்கட் மிச்சம். பேன் போல்ட்டை பத்தியும் சொல்லிடுறேன், ஒழுகுதுன்னு அதை போட்டு இறுக்காதீங்க, ஓட்டையை சுத்தி தகரம் உள்ள வளைஞ்சு அதுக்கப்புறம் எந்த கேஸ்கட்டும் உக்காராது, எங்க பேன்ல அப்படித்தான் இருந்துச்சு, பலகையில வச்சு சின்ன சுத்தியலால தட்டி நேராக்கினோம்.

இப்ப ரெண்டு தடவை கினிகத்தேனை இறங்கி ஏறியாச்சு, ஒரு தடவை ரம்பொடை பக்கமாவும் போயிட்டு வந்தோம், அட்டை சுத்தமா இருக்கு. வலது டிரைவ் ஷாஃப்ட் சீல் கிட்ட மட்டும் விரல்ல லேசா ஒட்டுது, சொட்டு விழுறது இல்ல. கொழும்புல ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு போற ஒருத்தர் கிட்ட சீல் சொல்லி விட்டிருக்கோம், வந்ததும் கழுவிட்டு டோர்ச் அடிச்சு பார்த்துட்டு தான் கையை வைப்போம்.