முதிர்ந்த ஆமை, பல்லி: கருணை ஊசியா, வீட்டிலேயே இயற்கையான முடிவா?

வேதனை
வீட்டில்: உடல் மெல்ல இயங்குவதால் வாரக்கணக்கில் இழுக்கலாம்.
ஊசியில்: முதலில் மயக்க மருந்து, பிறகுதான் உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிட்டால். மயக்கமில்லாமல் நேரே போட ஒப்பாதீர்கள்.

இறந்ததா என்பது
சிக்கலே இங்குதான். ஆக்ஸிஜன் குறைந்தாலும் ஊர்வனவற்றின் மூளை தாக்குப்பிடிக்கும். மூளை செத்த பிறகும் இதயம் துடிக்கும்.
ஊசியில்: டாப்ளர் கருவியால் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டுவது) துடிப்பு நின்றதா எனப் பார்த்து, மூளையையும் மருத்துவர் அழித்துவிடுவார்.
வீட்டில்: குளிரில் விறைத்தால், உயிர் இருந்தும் பிணம்போலத்தான் கிடக்கும். வழக்கமான சூட்டில் ஒரு நாள் வைத்துப் பார்த்துப் புதையுங்கள்.

பொறுப்பு
வீட்டில்: வெப்ப விளக்கு, வெதுவெதுப்பான ஆழமற்ற நீர், வாராவாரம் எடை.
ஊசியில்: உடலில் மருந்து தங்கும், நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. ஆழப் புதையுங்கள், அல்லது எரியுங்கள்.

(உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது மூன்றாவது வழியல்ல, கொடுமை.)

தானே நகர்ந்து சூடு தேடி, நீர் குடிக்கும்வரை வீடு போதும். தலை தூக்க முடியாமல் வாய் திறந்து மூச்சு வாங்கினால் ஊசிதான்.