பழனி மலை அராபிகா காபி, புதுப் பயிர்: எந்த லாட்டை எடுக்கலாம், எதை விடலாம்?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் மிளகுக்கும் மலைவாழைக்கும் நடுவே நிழலில் விளையும் எஸ்.795 ரக அராபிகா காபிக் கொட்டையை, பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த 'வாஷ்டு' வகையில் வாங்குங்கள். வீட்டு ஃபில்டருக்கு வறுக்க, தமிழ்நாட்டுக் கொட்டைகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆனால் ஒரே தோட்டத்தின் இரண்டு லாட்டுகளுக்குள், அதாவது தனித்தனியாகப் பறித்துக் காயவைத்த தொகுதிகளுக்குள், வித்தியாசம் நிறைய இருக்கும். டிசம்பர் கடைசிக்குப் பிறகு பறித்ததாகப் பார்த்துக் கேளுங்கள்.

காரணம் மழை. கர்நாடகத்தில் பருவமழை ஓய்ந்த பிறகு பழம் பறிக்கிறார்கள். பழனியிலும் சேர்வராயனிலும் பழம் சிவக்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. களத்தில் பரப்பிய கொட்டையைத் தார்ப்பாயால் மூடுவதும் திறப்பதுமாக நாள் ஓடும். மூடிய இடத்தில் புழுங்கும், பூசண வாடை ஏறும். நடுவில் நல்ல வெயில் வந்தால் அவசரமாகக் காயவைப்பார்கள். மேல்பக்கம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அன்றைக்கு ஈரம் அளக்கும் மீட்டர் 11 சதவீதம் என்று காட்டும். அதே கொட்டையைக் காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் வைத்து மறுபடி அளந்தால் 12.5-ஐத் தாண்டியிருக்கும். அதனால் ஒரே ஒரு அளவை நம்பி மூட்டைக்கு விலை பேசாதீர்கள். 10 முதல் 12 சதவீதத்துக்குள் இரண்டு முறையும் நிற்க வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு நகவெட்டி போதும். கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரம் வெளிறி, நடுப்பகுதி மட்டும் கண்ணாடிபோல் கரும்பச்சையாக இருந்தால் சரியாகக் காயவில்லை. நன்றாகக் காய்ந்தது, உள்ளும் புறமும் ஒரே நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். பல்லில் வைத்தால் தடம் பதியாது. மஞ்சளோ வெளிறலோ பரவலாகத் தெரிந்தால் போன வருடச் சரக்கு கலந்திருக்கலாம். கோப்பையில் அது வைக்கோலாக, நனைந்த அட்டையாகத் தெரியும்.

அடுத்தது பழுது பொறுக்குதல். 350 கிராமைக் கறுப்புத் தாளில் கொட்டுங்கள். 'ஸ்பெஷாலிட்டி' (உயர்தரக் காபி) என்று சொல்ல, முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு, பூசணம் போன்ற பெரிய பழுது ஒன்றுகூட இருக்கக் கூடாது. சின்னப் பழுது ஐந்துக்குள் நிற்க வேண்டும். உடைந்தவை ஐந்து சேர்ந்தால் ஒரு சின்னப் பழுதுக் கணக்கு. குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் அது காய்த்துளைப்பான் வண்டு. இந்தியாவில் 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி அது; தரையில் விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விடும் தோட்டங்களில் விடாமல் பெருகும்.

'பிளான்டேஷன் ஏ' என்ற பெயரில் மயங்க வேண்டாம். அது 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற கழுவிய அராபிகா என்பதைத்தான் சொல்லும். சுவையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சுவைக்கு வறுத்துத்தான் பார்க்க வேண்டும். 100 கிராமை 8 முதல் 12 நிமிடத்துக்குள் இளவறுப்பாக இறக்கி, எட்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பழுக்காத காயைப் பறித்திருந்தால் இங்கே மாட்டும். சில கொட்டைகள் மட்டும் சிவக்காமல் வெளிறி நின்று, மென்றால் வேர்க்கடலைபோல் இருக்கும். வறுக்காத பச்சைக் கொட்டையில் இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். பிறகு ஐந்து கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் 8.25 கிராமைத் தனித்தனியாக எடை போட்டு அரைத்து, 93 டிகிரி வெந்நீர் 150 மில்லி ஊற்றி, நாலாவது நிமிடம் மேல்படலத்தை உடைத்து முகருங்கள். ஐந்து எதற்கு என்று சலித்துக்கொள்ளக் கூடாது. அளவுக்கு மீறிப் புளித்து அழுகிய ஒரே கொட்டை ஒரு கோப்பையை மட்டும் கெடுக்கும், மற்ற நாலும் சுத்தமாக இருக்கும்.

நல்ல எஸ்.795-இல் வெல்லப்பாகின் இனிப்பும் மிதமான புளிப்பும் இருக்கும், பாலோடு சேர்ந்தாலும் சுவை தொலையாது. பால் இல்லாமல் குடிப்பவர்கள், எத்தியோப்பிய வழி வந்த செலக்‌ஷன் 9 கிடைத்தால் அதையே எடுக்கலாம், மணம் ஒரு படி மேல். காவேரி, சந்திரகிரி ரகங்களும் கவனமாகப் பதப்படுத்தினால் நன்றாகவே வரும். பழத்தோடு காயவைக்கும் 'நேச்சுரல்' மட்டும் இந்த மலையில் நவம்பர்ப் பறிப்பில் வேண்டாம். அத்தனை தடிமனான பழம் அந்த மழையில் காயவே காயாது.

ஜனவரியிலேயே வறுத்துவிட்டுப் 'புல் வாடை அடிக்கிறது' என்று குறை சொல்கிறவர்கள் அதிகம். காய்ந்த கொட்டை, மேலோடு நீக்காமல் ஒன்றிரண்டு மாதம் தூங்க வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் சரியான நேரம். பறித்த மாதம், காயவைத்த நாட்கள், மேலோடு நீக்கிய தேதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கால் கிலோ மாதிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். வறுத்தால் கிலோவுக்கு 850 கிராம்தான் மிஞ்சும். வெறும் சாக்கில் வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் ஈரம் குடித்து நிறம் மங்கும். உள்ளே காற்றுப் புகாத பை போட்டு, சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள்.