‘பாட்டி கூட நடக்கலாம்’ என்று மலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் கொஞ்சம் உஷார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களை மலைக்குக் கூட்டிப்போய் ஏமாற்றிய ஆளின் பெயரோ அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரோ இதில் இருக்காது. புகார் கொடுக்கப்போகிறேன், அது முடியும்வரை பெயர் போடாதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. சென்னையில் வாரக் கடைசிக்கு டிரெக் கூட்டிப்போகிற பக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன, பலரும் பேசுகிற வசனம் ஒரே அச்சு.

போன அரையாண்டு லீவில் நடந்தது. என் பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. ரெண்டு நாளாவது போனைக் கீழே வைக்கட்டும் என்று எனக்கு ஆசை. சித்தியும் வருகிறேன் என்றார். 58 வயசு, வலது முழங்காலில் தேய்மானம், ஆனால் போரூர் ஏரிக்கரையில் தினமும் காலையில் நடக்கிறவர். அந்த நேரத்தில்தான் ரீல் கண்ணில் பட்டது. பனி, பாசி படிந்த மரங்கள், பின்னால் புல்லாங்குழல். “கோத்தகிரி லாங்வுட் சோலை. ஈஸி டிரெக். அஞ்சே கிலோமீட்டர், சமதளம். பாட்டி கூட நடக்கலாம். வனத்துறை அனுமதி எங்கள் பொறுப்பு.” ஆளுக்கு ₹3,400. போக வர வண்டி, ஒரு ராத்திரி தங்கல், நாலு வேளை சாப்பாடு எல்லாம் அதிலேயே அடக்கம்.

சும்மா சொல்லக்கூடாது, இடத்தைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. லாங்வுட் சோலை கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிற 116 ஹெக்டேர் காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்தது. 2024 அக்டோபரில் அரசாங்கம் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்ததே, அதில் இதுவும் ஒன்று, எளிது வகை. இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுத்தான் பணம் அனுப்பினேன். நான் கோட்டை விட்டதும் அங்கேதான். தடம் எளிதா என்று பார்த்தேன். அந்தத் தடத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்களா என்று பார்க்கவில்லை.

பர்மிஷன் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரே நிமிஷத்தில் பிடிஎஃப் வந்தது. மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் மங்கலாக ஏதோ எழுத்து. திருப்தியாகி ₹10,200 அனுப்பிவிட்டேன். நான் பதினாறு வருஷமாக பேங்க்கில் வேலை பார்க்கிறேன். செக்கில் தேதி சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கிறவள். இதை என் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.

கோயம்பேட்டில் ராத்திரி ஒன்பதுக்கு வரவேண்டிய டெம்போ டிராவலர் பத்தே முக்காலுக்கு வந்தது. வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்கவேண்டும். ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால், வழியில் ஏதாவது ஆனபிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஏறினேன். நடுராத்திரி, குழந்தை தூக்கக் கலக்கத்தில் நிற்கிறாள், மூன்று மூட்டை, யார் சண்டை போடுவது?

குஞ்சப்பனை செக்போஸ்டில் நிறுத்தினார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி போக இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து, ஹைகோர்ட் உத்தரவு. காசு கிடையாது, போனிலேயே சில நிமிஷத்தில் எடுத்துவிடலாம். அதைக்கூட இவர்கள் எடுத்திருக்கவில்லை. எங்களோடு வந்த ஐ.டி. பையன் ஒருவன் சிக்னல் தேடி ரோட்டோரக் கல்மேல் ஏறி நின்று எடுத்துக் கொடுத்தான். ‘டிரெக் லீடர்’ என்று டீ-ஷர்ட் போட்டிருந்தவன் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். இருபது வயசு, காலேஜில் மூன்றாவது வருஷம். தோளில் ப்ளூடூத் ஸ்பீக்கர். முதலுதவிப் பெட்டி கிடையாது. கோத்தகிரிக்கு அவன் வருவது அது ரெண்டாவது தடவை.

சோலை வாசலில் கேட்டார்கள்: “புக்கிங் எந்தப் பேர்ல?” லீடர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். கால் மணி கழித்து வந்து, “இங்க இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. இதைவிட சூப்பரா ஒரு ஹிட்டன் ஸ்பாட் இருக்கு. அருவியே உண்டு” என்றான். பதினேழு பேரில் நாலு பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, ஆனால் எதுவும் பேசவும் இல்லை.

வண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். “அந்தப் பக்கம் இறங்காதீங்கம்மா. காலையிலதான் காட்டுமாடு நின்னுச்சு. கரடியும் நடமாடுது.” சித்தி நின்றுவிட்டார். “அவங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க ஆன்ட்டி” என்றான் லீடர். தினமும் அங்கேயே நிற்கிறவர் சொல்வதை ரெண்டாவது தடவை வருகிறவன் மறுக்கிறான், நாங்கள் அவன் பின்னால் போகிறோம்.

தேயிலை முடிந்ததும் சீகை மரங்கள், அதற்குக் கீழே ஒற்றையடிப் பாதை, செங்குத்தாக இறக்கம். நீலகிரியின் கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைக்கும். டிசம்பரில் மண் காய்ந்திருக்காது. செம்மண் சோப்பு மாதிரி வழுக்கியது. காலை நட்டு நிற்க இடமில்லை, சீகைக் கிளைகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். அரைமணி கழித்து பொண்ணு “ம்மா, சாக்ஸ்ல ஏதோ நெளியுது” என்றாள். அட்டை, ஒவ்வொரு காலிலும் மூன்று நாலு. சித்தி புளியோதரையோடு ஒரு பொட்டலத்தில் உப்பும் கட்டி எடுத்து வந்திருந்ததால் தப்பித்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். மலையில் கிலோமீட்டரை வைத்து மட்டும் எளிது, கடினம் என்று சொல்வது ஏமாற்று வேலை. எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதுதான் கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே இதற்கு ஒரு கணக்குப் போட்டுவைத்தார். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதுவும் நல்ல உடம்பு, நல்ல பாதை என்றால். அன்றைக்கு என் போனில் பதிவானது 6.8 கிலோமீட்டர், ஏற்றம் 520 மீட்டர். நெய்ஸ்மித் கணக்குப்படி ரெண்டேகால் மணி நேரம். எங்களுக்கு ஆனது ஆறரை மணி. இன்னொன்றும் கவனியுங்கள், முதலில் ஏறிப் பிறகு இறங்குகிற தடத்தில் முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். முதலில் இறங்கிவிட்டால் அந்த வழி கிடையாது. களைத்த காலோடு முழுசும் ஏறியே ஆகவேண்டும், தேய்ந்த முழங்காலாக இருந்தாலும்.

அருவி என்று காட்டியது பாறையில் வழிகிற தண்ணீர். அங்கே பத்து நிமிஷம் ரீல் எடுத்தார்கள்.

ஏறும்போது பொண்ணின் ஸ்கூல் ஷூ அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. சித்தி சோறு கொண்டுவந்த மஞ்சப்பையின் காதைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மூன்று மணிக்கெல்லாம் தண்ணீர் தீர்ந்தது. நாலு மணிக்குப் பனி இறங்கியது. எப்போது கேட்டாலும் லீடர் “ஜஸ்ட் அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி” என்பான். ஒரு வளைவில் திரும்பினால் முப்பதடி தூரத்தில் ரெண்டு காட்டுமாடு. வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள், மூக்கிலிருந்து ஆவி. யாரும் மூச்சு விடவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “தம்பி, அதை அமுத்துடா” என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. மாடுகள் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொழைத்துப் போங்கள் என்பது போல ஒதுங்கின.

மேலே வந்தால் வனக்காவலர் நிற்கிறார். தோட்டத்தில் பார்த்த அந்த அம்மாதான் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். லீடர் பிடிஎஃப்பை நீட்டினான். சிக்னல் இல்லை, திறக்கவில்லை. என் போனில் இருந்ததைக் காட்டினேன். அவர் ரெண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். “கெய்ர்ன் ஹில். எட்டு பேர். செப்டம்பர் மாசம்.” பிறகு என்னைப் பார்த்தார். “கெய்ர்ன் ஹில் ஊட்டில இருக்கும்மா. நீங்க நிக்கறது கோத்தகிரி, ரிசர்வ் ஃபாரஸ்ட்.”

அபராதம் ஆளுக்கு ₹500. லீடர் கையில் காசு இல்லை, அவனுடைய முதலாளி போனை எடுக்கவில்லை. நாங்களே வசூல் பண்ணி ₹8,500 கட்டினோம். காவலர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குரங்கணி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். 2018 மார்ச் 11, காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதில் சென்னைப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு இவ்வளவு விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். அனுமதிச் சீட்டு என்பது காசுக்காக இல்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே ஒருவருக்காவது தெரியவேண்டும் என்பதற்காக என்றார். அன்றைக்கு நாங்கள் பதினேழு பேர் உள்ளே இருந்தது கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கின இடம், சாப்பாடு பற்றியெல்லாம் எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும். பதினேழு பேருக்கு ஒரு ஹால், ஒரு பாத்ரூம். போதும்.

ஊருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அட்வென்ச்சர்னா அப்படித்தான் மேடம். நோ ரீஃபண்ட்” என்று பதில். மறுபடி கேட்டதும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். பணம் போனது யாரோ ஒருவருடைய சொந்த யுபிஐ கணக்குக்கு. பில் கிடையாது. நானே பின் போட்டு அனுப்பிய பணத்தை பேங்க் திருப்பித் தராது, இதை நான் பிறருக்குச் சொல்கிறவள். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் பெயரும் ஒரு புல்லாங்குழல் ரீலும்தான்.

அப்போதுதான் அபராத ரசீது ஞாபகம் வந்தது. காவலர் அதை லீடர் பெயரில், அவனுடைய ஆதாரைப் பார்த்து முழு முகவரியோடு எழுதியிருந்தார். இந்த விவகாரம் முழுவதிலும் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரே காகிதம் அது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதை வைத்துத்தான் மனு தயாராகிறது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். என்னைப் போல ஏமாந்துவிட்டு, போகட்டும் என்று விட்டவர்கள் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், அந்த 40 தடங்களுக்கு டிரெக் தமிழ்நாடு தளத்திலேயே நேராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வழிகாட்ட வருகிறவர்கள் அந்தந்த மலையைச் சேர்ந்தவர்கள், பழங்குடியினர் பலர். காட்டுமாடு எந்தப் பக்கம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தனியாரிடம்தான் போவேன் என்றால், பணம் அனுப்புவதற்கு முன்னால் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் பெரிதாக்கிப் படியுங்கள், தடத்தின் பெயர், தேதி, எத்தனை பேர் என்று. மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “ஈஸிதான் மேடம்” என்று பதில் வந்தால் ஆள் அந்த மலையை அளந்தவன் இல்லை. வண்டி நம்பர் பிளேட் என்ன நிறம் என்று முந்தின நாளே கேளுங்கள், நடுராத்திரி மூட்டையோடு நிற்கும்போது இல்லை.

இதை இன்றைக்கே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று அதே பக்கத்தில் புது ரீல். “ஈஸி ஃபேமிலி டிரெக், பிப்ரவரி கடைசி வாரம்.” காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தடங்களையெல்லாம் வனத்துறை மூடிவிடும். ரீலில் சிரித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவில் நிற்பது என் பொண்ணு, ஷூ கிழிவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால். கீழே நான் எழுதிய கமெண்ட் பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. சித்தி எழுதியது இருபது நிமிஷம் தாங்கியது. படத்தை எடுக்கச் சொல்லி அந்த நம்பருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.