மூன்று பந்து மூச்சுப்பயிற்சிக் கருவி: ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி வாங்கிய மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கக்கூடும் என்பதால், இது மிகவும் தேவையான பொருள்.

நுரையீரல் தன்னைத்தானே விரித்துக்கொள்ளாது. அதன் அடியில் குவிமாடம்போல் நிற்கும் உதரவிதானம் என்னும் தசை சுருங்கித் தட்டையாகிக் கீழிறங்கும்போதுதான் மார்புக்கூட்டின் கொள்ளளவு கூடி, உள்ளழுத்தம் குறைந்து, வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலையே நொடிக்கு 600, 900, 1200 மில்லிலிட்டர் எனக் குறித்த மூன்று பந்துகளும் கண்ணுக்குக் காட்டுகின்றன. தொடக்கத்தில் அம்மா கருவியின் வழியே மூச்சை உள்ளிழுத்தபோது முதல் பந்து நடுங்கியபடி பாதி வரையே எழுந்தது. மூன்றாம் வாரத்தில் இரண்டாவது பந்தும் உச்சியில் நின்றது.

குறையும் உண்டு. காற்றின் வேகத்தை மட்டுமே காட்டுவதால், தோளைத் தூக்கி வெடுக்கென்று இழுத்தாலும் பந்து எழுந்துவிடுகிறது. ஆகவே வயிற்றில் கை வைத்து, அது உப்புவதைக் கவனித்தபடி நிதானமாக இழுக்க வேண்டும். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும் என்பதைக்கூடப் பெட்டியில் தமிழில் அச்சிடாதது எனக்கு மிகுந்த வருத்தம். அதனால் முதல் இரண்டு நாள்களும் அம்மா ஊதிக்கொண்டே இருந்தார்.