ஒரே தாளுக்கு மூன்று இடைவெளி: பி.பி.இ., எச்.எஸ்.இ., ஜி.டபிள்யூ. எதை எடுப்பது?

தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறுதியாண்டு ஆய்வுத் திட்டம். ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு தாளின் பட்டை இடைவெளியை, அதாவது எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டைக்கும் அதற்கு மேலுள்ள காலிப் பட்டைக்கும் நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளியைக் கணிக்க வேண்டும். "அண்ணே, ஒரு கட்டுரையில 1.7, இன்னொண்ணுல 2.2, மூணாவதுல 2.8. எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்தான், பொருளும் ஒண்ணுதான். நான் எதைப் போடறது?"

நல்ல கேள்வி. நானும் முதல் வருடம் இதில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். அந்த மூன்று எண்களும் பி.பி.இ., எச்.எஸ்.இ., ஜி.டபிள்யூ. என்ற மூன்று கணக்கு முறைகளிலிருந்து வருபவை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வந்து சேரும் ரப்பர் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்க்க, மெட்ரோலாக் என்ற மிதவையை விடுவார்கள். உடனே எண் தெரியும். அதே பாலில் கொஞ்சம் எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, தட்டையாக உருட்டி, அடுப்பில் உலர்த்தி நிறுத்தால் இன்னும் சரியான எண் கிடைக்கும். ஆனால் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் பாலையும் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எங்கள் துறையிலும் வேகமான கணக்கு, மெதுவான கணக்கு என்று இரண்டும் உண்டு. வேகமானது எந்தப் பக்கம் தவறும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

முதலில் டைட் பைண்டிங் என்ற எளிய முறை. எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குத் தாவுகிறது, அந்தத் தாவலுக்கு ஓர் ஆற்றல் எண், அவ்வளவுதான் அடிப்படை. 1947இல் வாலஸ் கிராஃபைட்டின் ஓர் அடுக்குக்கு இதைப் போட்டுக் காட்டினார். கிராஃபீனைப் பிரித்தெடுத்தது 2004இல்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே எண்ணை வைத்து, இரு பட்டைகளும் கே என்று பெயரிட்ட உந்தப் புள்ளியில் தொட்டுக்கொள்வதைத் தாளும் பேனாவும் கொண்டே காட்டிவிடலாம். கார்பன் நானோகுழாயில், தாள் எப்படிச் சுருட்டப்பட்டது என்று சொல்லும் இரு சுட்டெண்களின் வேறுபாடு மூன்றால் வகுபட்டால் உலோகம் போல நடக்கும், இல்லையென்றால் குறைகடத்தி என்ற விதியும் இதிலிருந்து வருவதுதான். (மிக மெல்லிய குழாய்களில் வளைவின் காரணமாக இந்த விதி கொஞ்சம் தடுமாறும்.) சுமார் 1.1 பாகை திருகிய இரட்டை அடுக்கு கிராஃபீனில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள். அங்கே மற்ற முறைகள் மூச்சு வாங்கும். டைட் பைண்டிங் போய்ச் சேரும். ஆனால் மாலிப்டினம் டைசல்ஃபைடுக்குத் தாவல் எண்களை எங்கிருந்தோ கடன் வாங்க வேண்டும், பெரும்பாலும் அடுத்துச் சொல்லப்போகும் டி.எஃப்.டி. கணக்கிலிருந்துதான். அதனால் அவள் திட்டத்துக்கு இது ஒத்துவராது. பாடமாகப் படிக்கட்டும்.

அடுத்து டி.எஃப்.டி., அதாவது அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஹோஹன்பெர்க், கோன் இருவரும் 1964இலும், கோன், ஷாம் இருவரும் 1965இலும் போட்ட அடித்தளம். அதற்காக கோன் 1998இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் எல்லோரும் முதலில் எடுப்பது 1996இல் வந்த பி.பி.இ. தோராயம். அணுக்களின் அமைப்பை இது நன்றாகச் சொல்லும்: மாலிப்டினம் டைசல்ஃபைடின் அணிக்கோவை நீளம் அளவீட்டில் 3.16 ஆங்ஸ்ட்ராம், இதில் சுமார் 3.18. இணைதிறன் பட்டை (எலக்ட்ரான்கள் நிறைந்த பட்டை) கே புள்ளியில் தற்சுழற்சி - சுற்றுப்பாதை இணைவால் 0.15 எலக்ட்ரான் வோல்ட் அளவு பிளப்பதையும் சரியாகப் பிடிக்கும். மூன்றே அணுக்கள் கொண்ட அலகு என்பதால் சாதாரண மடிக்கணினியே போதும்.

பி.பி.இ. கோட்டை விடும் இடங்களும் உண்டு. அடுக்குகளுக்கு இடையிலான வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு அதற்குத் தெரியாது. இரண்டு அடுக்கு போட்டால் அந்த ஈர்ப்பைக் கணக்கில் கொள்ளும் டி3 போன்ற திருத்தம் சேர்த்தே ஆக வேண்டும். பட்டை இடைவெளியை எப்போதும் போலக் குறைத்தே சொல்லும், இங்கே 1.6 முதல் 1.7 வரை.

வம்பு இங்கேதான் ஆரம்பம். ஒற்றை அடுக்கின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது திருப்பி உமிழும் ஒளி 1.8 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும். "பாருங்கள், பி.பி.இ. கிட்டத்தட்டச் சரி" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நானும் ஒரு கருத்தரங்கில் அப்படிச் சொல்லி, கேள்வி வந்ததும் திணறியிருக்கிறேன். ஒளி காட்டுவது எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் கைகோத்த எக்ஸிட்டானின் ஆற்றல். தாள் அவ்வளவு மெல்லியது என்பதால் மின்புலக் கோடுகள் வெளியே வெற்றிடத்தில் பாய்கின்றன, நடுவில் மறைக்க ஆளில்லை, இழுப்பு பலமாகிறது. தனித்து மிதக்கும் தாளில் அந்தப் பிணைப்பு அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். பி.பி.இ. ஒரு பக்கம் குறைத்ததும், எக்ஸிட்டான் மறுபக்கம் குறைத்ததும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து நின்றன. இதை ஒப்புதல் என்று எழுதுவது தவறு. மாணவர்களின் அறிக்கைகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை.

எச்.எஸ்.இ. முறையின் வழக்கமான வடிவமான எச்.எஸ்.இ.06 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தூரப் பரிமாற்ற ஆற்றலில் கால் பங்கைச் சரியான முறையில் கணக்கிட்டுச் சேர்க்கும், இடைவெளி 2.1 - 2.2க்கு ஏறும், நேரம் பல மடங்கு கூடும். முப்பரிமாணப் பொருள்களில் பெரும்பாலும் கைகொடுக்கும். மின்விசையின் மறைப்பு குறைந்த தாளில் அந்தக் கால் பங்கு ஏன் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டால் திருப்தியான பதில் இல்லை. போக்குகளை ஒப்பிட எடுத்துக்கொள்ளலாம்.

ஜி.டபிள்யூ. 1965இல் ஹெடின் வகுத்தது. ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கவும் எடுக்கவும் எவ்வளவு ஆற்றல் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் முறை இதுதான்; 2.7 - 2.8 இங்கிருந்து வருவது. ஆனால் அவசரப்பட்டால் இதுவும் ஏமாற்றும். காலியான பட்டைகளைப் போதுமான அளவு சேர்க்க வேண்டும், கணக்குப் போடும் உந்தப் புள்ளிகளின் வலை நெருக்கமாக வேண்டும், கணக்கில் தாள் மேலும் கீழும் திரும்பத் திரும்ப வரும் என்பதால், தாளும் அதன் அடுத்த பிரதியும் ஒன்றையொன்று உணராதபடி கூலும் மின்விசையை வெட்ட வேண்டும். ஒன்றில் கை வைத்தாலும் எண் நகரும். அதோடு, கணக்கில் இருப்பது தனித்து மிதக்கும் தாள். கிராஃபைட்டின் மேல் வைத்து அளந்தால் இடைவெளி 2.2 அருகே இறங்கிவிடுகிறது. அடியில் இருக்கும் பொருள் மறைப்பைக் கூட்டுவதால். அதை எச்.எஸ்.இ. எண்ணோடு சேர்த்துப் பார்த்து மகிழ்வதும் பி.பி.இ. கதையேதான்.

சரி, அவள் எதை எடுப்பது? என் தீர்ப்பு: பி.பி.இ., அதுவும் குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ என்ற மென்பொருளில். இலவசம், மூலநிரல் திறந்தது. வாஸ்ப் என்ற இன்னொரு மென்பொருளும் வசதியானதுதான், ஆனால் உரிமக் கட்டணம் உண்டு. மாணவி தனியாக வாங்கும் பொருள் அல்ல. பைத்தான் நிரல்மொழி பழகியவருக்கு ஜிபா (GPAW) மென்பொருளும் நல்ல வழி. ஜி.டபிள்யூ. எண்ணைத் தானே போட வேண்டியதில்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சி2டிபி தரவுத்தளத்தில் பல தாள்களுக்குப் பி.பி.இ., எச்.எஸ்.இ., ஜி.டபிள்யூ. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தன் எண்ணை அங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவள் சொந்தமாகச் செய்ய வேண்டியது தாளை இழுத்தால் என்ன ஆகும் என்பது. ஓரிரு விழுக்காடு இழுத்தாலே நேரடி இடைவெளி (இரு பட்டை விளிம்புகளும் ஒரே உந்தப் புள்ளியில்) மறைமுகமாக (வெவ்வேறு புள்ளிகளில்) மாறும் பொருள் இது. அந்தப் போக்கைப் பி.பி.இ. காட்டும், மடிக்கணினியும் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன். உந்தப் புள்ளி வலையில் ஒவ்வொரு பக்கத்து எண்ணும் மூன்றின் மடங்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் இடைவெளி இருக்கும் கே புள்ளியே வலையில் விழாது. அப்புறம், இங்கே மத்தியான மழைக்கு இடி இடித்தால் கரண்டு போகும். நிரலுக்கு நேர வரம்பு கொடுத்துவிட்டால் இடையில் சேமித்து நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அன்று மாலையே 12×12×1 வலையில், தாளுக்கு மேல் 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விட்டு ஓட்டினோம். அம்மா முறுக்கும் தேநீரும் கொண்டுவந்து வைப்பதற்குள் முடிந்துவிட்டது. எதிர்பார்த்தபடி 1.7ஐ ஒட்டி வந்தது. நான் சொல்லாமலேயே அவள் நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாள்: "பி.பி.இ., தனித்த தாள், எக்ஸிட்டான் சேர்க்கவில்லை, ஒளி அளவீட்டோடு ஒப்பிடக் கூடாது."