எல்ஜினா, ஹாமில்டனா? முதன்முதலாக வாங்கும் பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரம்

வரலாறு: எல்ஜின் 1864இல் இல்லினாயில் தொடங்கியது, மொத்தம் சுமார் 6 கோடி கடிகாரங்கள் செய்தது. ஹாமில்டன் 1892இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் பிறந்தது. முந்தைய ஆண்டு ஓஹியோவின் கிப்டனில் நடந்த ரயில் மோதலுக்குப் பிறகு ரயில்வேக்கள் துல்லியமான கடிகாரம் கேட்டன. ஹாமில்டன் பேர் வாங்கியது அந்தச் சந்தையில்தான்.

விலை: எல்ஜின் மலிவு, சாதாரண 7 கல் (இயந்திரத்தில் உராய்வைக் குறைக்கும் ரத்தினத் தாங்கிகள்) மாடல்கள் நிறையக் கிடைக்கும். ஹாமில்டனின் 992பி மாடல் கூடுதல் விலை, ஆனால் விற்கும்போதும் கேட்க ஆள் இருக்கும்.

துல்லியம்: இங்கே 992பிதான். 21 கல், வெப்பத்துக்கும் காந்தத்துக்கும் எளிதில் அசராத ஹேர்ஸ்பிரிங் (ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்வில்). 1940களின் கடிகாரத்தில் இது அருமையான விஷயம்.

பழுது: இரண்டுக்கும் பழைய உதிரிபாகம் கிடைக்கிறது.

அப்புறம், எது வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து இயந்திரத்திலுள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். ஆண்டு தெரிவது அதில்தான். வெளிக்கூட்டை (கேஸ்) வேறு நிறுவனங்களும் செய்தன, கேஸ் எண்ணை நம்ப வேண்டாம்.

கழற்றிக் கற்க, அல்லது வகைவகையாகச் சேர்க்க எல்ஜின். ஒன்றே ஒன்று, தினமும் சாவி கொடுத்துப் பயன்படுத்த என்றால் 992பி.