ஊர்களின் நெடுந்தொலைவுத் தொடர்பு: கே சார்பா, இணைத் தொடர்புச் சார்பா?

ஊர்கள் தற்செயலாகச் சிதறிக் கிடக்கின்றனவா, நெடுந்தொலைவுக்கும் ஒன்றையொன்று சார்ந்து அமைந்திருக்கின்றனவா? இதை அளக்க இரண்டு கணிதச் சார்புகளை (functions) ஒப்பிடலாம். புள்ளியியலாளர் பிரையன் ரிப்லி 1970களில் தந்த கே சார்பு (K function), ஓர் ஊரைச் சுற்றிக் குறிப்பிட்ட ஆரத்துக்குள் சராசரியாக எத்தனை ஊர்கள் என்று கூட்டிக்கொண்டே போகும். வளைகோடு சீராக வரும், சரி. ஆனால் அருகிலுள்ள நெருக்கம் தொலைவுக் கணக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நெடுந்தொலைவுத் தொடர்பைத் தேடுபவருக்கு இது பெரிய சிக்கல்.

இணைத் தொடர்புச் சார்பு (pair correlation function) ஒவ்வொரு தொலைவையும் மெல்லிய வளையமாகத் தனியே பார்க்கும். மதிப்பு 1 என்றால் தற்செயல். கூடினால் நெருக்கம், குறைந்தால் விலகல். இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், அதிகம்தான்; வளையத்தின் அகலத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் நான் இதையே எடுப்பேன்.

அப்புறம், எந்த முறையானாலும் கடலையும் மலையையும் கணக்கில் கொண்டு எல்லைத் திருத்தம் செய்யுங்கள், அதாவது ஊர்கள் இருக்க முடியாத பகுதிகளை ஈடுசெய்து கணக்கிடுங்கள். இல்லையென்றால் நிலத்தின் வடிவமே ஊர்களுக்கிடையிலான தொடர்பு போலத் தெரியும்.